கோதை சொல்லாத ஊர்

கோதையை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையைக் கேட்டுவிட்டு, "அப்புறம் சிநேகிதம் ஆகிவிட்டீர்களா?" என்று யாரும் கேட்க வேண்டாம். ஆகவில்லை. அவளுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் கடைசி வரை ஒற்றுமையாக இருந்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் நான் பி.எஸ்ஸி. முதல் வருஷம் சேர்ந்தேன். திருச்சி ஜங்ஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கல்லூரி. நடத்தியவர்கள் வெளிதேசத்துப் பெண்மணிகள். சிலோன், மலேயா, பர்மாவிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து விடுதியில் தங்கிப் படித்ததால், சர்வதேசக் கல்லூரி என்று பலகையிலேயே எழுதியிருந்தார்கள். பொன்மலையிலிருந்தும் லால்குடியிலிருந்தும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த நாங்கள் எந்த தேசத்தில் சேர்த்தி என்று யாரும் சொல்லவில்லை.

நான் போனது கெமிஸ்ட்ரி படிக்க. ஆனால் அந்த வருஷம் 'ஜெனரல் எஜுகேஷன்' என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லையாம். அதனால் சரித்திரம், தத்துவம், சமுதாயம் என்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் கேட்டு, இங்கிலீஷிலேயே பேச வேண்டும். எழுத்துப் பரீட்சை பெயருக்குத்தான். வருஷக் கடைசியில் வாய்மொழிப் பரீட்சை ஒன்று உண்டு. அதில் தேறாவிட்டால், கெமிஸ்ட்ரியில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் இரண்டாம் வருஷத்துக்கு விடமாட்டார்கள்.

பாடம் நடத்தியவர் மிஸ் ஆல்டன், அமெரிக்காக்காரர். ஒல்லியாக, உயரமாக, அப்போதுதான் எதையோ கண்டுபிடித்துவிட்ட முகத்தோடு வருவார். பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொல்வார். அவர் உள்ளே வந்தால் நாங்கள் எழுந்து நிற்கக் கூடாது. அவர் சொல்வதை மறுத்துப் பேச வேண்டும். ஆசிரியரே சொல்கிறாரே என்று, "சரி மிஸ், மறுக்கிறோம்" என்று ஒரே குரலில் சொன்னோம்.

ஜோடி சேர்ப்பதும் அவருடைய யோசனைதான். வருஷம் முழுக்க இரண்டிரண்டு பேராகப் படிக்க வேண்டும். பரீட்சைக்கும் இரண்டு பேராகப் போக வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மார்க். ஒருத்தி தடுமாறினால் இரண்டு பேரும் விழுவோம். ஒருவரோடு ஒருவர் பழகவே மாட்டார்கள் என்று தோன்றியவர்களாகப் பார்த்துச் சேர்த்தார். லால்குடி சாரா பீவியைக் கொழும்பிலிருந்து வந்தவளோடு சேர்த்தார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பவுனம்மாளாகிய என்னை, ஸ்ரீரங்கத்துக் கோதையோடு சேர்த்தார். அவருக்கு ஊர் விஷயம் தெரியாது. தெரிந்த எவரும் செய்திருக்க மாட்டார்கள்.

கோதை கல்யாணமானவள். புருஷனுக்கு டில்லியில் பெரிய உத்தியோகம். பெண்டாட்டி ஒரு டிகிரி வாங்கிக்கொண்டு, நாலு பேர் முன்னால் இங்கிலீஷ் பேசுகிறவளாக வந்து சேரட்டும் என்று அவளை மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். தினமும் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வருவாள். கையில் சொந்தமாக ஒரு வெள்ளிக் கூஜா. கல்லூரிப் பானைத் தண்ணீரை அவள் தொட்டதே இல்லை. முதல் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கூஜாவை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோக ஆரம்பித்தேன். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், ஏனென்றால் எனக்குக் கருவாடு அவ்வளவாகப் பிடிக்காது.

என் இங்கிலீஷ், பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பத்திடம் வேலியோரம் நின்று கற்றது. தப்பும் தவறுமாக, ஆனால் தடங்கலில்லாமல் பேசுவேன். கோதையின் இங்கிலீஷ் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். "உன்னோடது ரயில்வே இங்கிலீஷ்" என்றாள் ஒரு நாள். "உன்னோடது வரவே வராத ரயில்" என்றேன். இப்படித்தான் நாங்கள் மனிதனையும் அவன் சமுதாயத்தையும் படித்தோம்.

எனக்கு அந்தப் பரீட்சை விளையாட்டில்லை. அம்மாவின் அண்ணன் மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில் வைத்திருந்தார். அவர் மகன் அழகர்சாமிக்குத்தான் நான் என்று தொட்டிலில் கிடக்கும்போதே பேசிவிட்டார்கள். அப்பா வீரமலை, ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சாயங்காலமானால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போவார். பெண்கள் படிக்க வேண்டும் என்று தெருமுனையில் நின்று பேசுவார். அப்படிப்பட்டவர் மச்சானின் தொல்லை தாங்காமல் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். பெண் எங்கேயாவது ஒரு தடவை பெயிலாகி நின்றால் அதோடு படிப்பு நிறுத்தம், வைகாசியில் கல்யாணம். "நீ பெயிலாக மாட்டேங்கிற தைரியத்துல சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். அப்பா வாக்கு மாறமாட்டார். அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு.

அழகர்சாமி நல்லவன்தான். நல்லவன் என்பதற்காக ஒருத்தனைக் கட்டிக்கொண்டு ஆயுசு முழுக்க நெல் அவித்துக்கொண்டிருக்க முடியுமா? எனக்குக் கெமிஸ்ட்ரி லாபில் நிற்கப் பிடித்திருந்தது. அந்த நெடியே பிடித்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. அது இப்போது கூஜாக்காரியின் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாய்மொழிப் பரீட்சைக்குத் தலைப்பு, அவரவர் ஊர். ஒருத்தி வெளிதேசத்திலிருந்து வந்த விருந்தாளி மாதிரிக் கேள்வி கேட்க வேண்டும், மற்றவள் தன் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்கிறவள் பதிலை எடுத்துக்கொடுத்தால் மார்க் போய்விடும். பரீட்சைக்கு முந்தின வாரம் வராந்தாவில் உட்கார்ந்து பழகினோம். உன் வீடு எங்கே என்று இங்கிலீஷில் கேட்டேன். கோயிலில் இருக்கிறேன் என்றாள் அவளும் இங்கிலீஷில்.

கோயிலில் சாமிதான் இருக்கும், நீ எங்கே இருக்கிறாய் என்றேன். தங்கள் உறவுக்காரர்கள் எல்லாருமே அந்த ஊரைக் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்றாள். அது எனக்கும் தெரியும். ஐயங்கார் வீடுகளில் கோயில் என்றால் ஸ்ரீரங்கம்தான், வேறு ஊரில்லை. ஆனால் அமெரிக்காவில் அதைச் சொன்னால் யாருக்குப் புரியும்? ஊர்ப் பெயரைச் சொல்லித் தொலை என்றேன். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலே ஒரு தீவு என்று சொல்கிறேன் என்றாள். அதையும் சொல், பெயரையும் சொல் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டாள். எத்தனை தடவை கேட்டாலும் தீவு, கோயில், தீவு. உலகத்தில் எல்லாருக்கும் அவள் ஊர் தெரிந்திருக்க வேண்டும் என்கிற திமிர் என்றுதான் எனக்குப் பட்டது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இதோ பாரு. நீ வாய மூடிக்கிட்டு உக்காந்தா உனக்கு ஒண்ணும் நட்டமில்ல. உன் வீட்டுக்காரரு வந்து டில்லிக்கு அழைச்சிட்டுப் போயிடுவாரு. நான் பெயிலானா வைகாசில எனக்குக் கல்யாணம். மண்ணச்சநல்லூர்ல நெல்லு அவிச்சிக்கிட்டு நிப்பேன். இவளாலதான்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பேன்."

கோதை கூஜாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பரீட்சையன்று மிஸ் ஆல்டனோடு இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். அருள்நாதன் என்று வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர். வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதற்கான எரிச்சல் முழுவதையும் எங்கள் மேல் காட்டிக்கொண்டிருந்தார். முதலில் கோதை கேட்க நான் பொன்மலையைப் பற்றிச் சொன்னேன். சங்கு ஊதுவதையும், ஷிப்ட் விட்டதும் சைக்கிள்கள் வருவதையும் சொன்னேன். இரண்டு இடத்தில் அருள்நாதன் என் இங்கிலீஷைத் திருத்தினார். மிஸ் ஆல்டன் தலையை ஆட்டி ரசித்தார். அது வரைக்கும் நன்றாகவே போயிற்று.

அடுத்து நான் கேட்க வேண்டும். வீடு எங்கே என்று கேட்டேன். இரண்டு நதிகளுக்கு நடுவே ஒரு தீவில் என்று கோதை அழகாகச் சொன்னாள். மிஸ் ஆல்டன் புன்னகை செய்தார். அருள்நாதன் பேனாவைக் கீழே வைத்தார். எந்தத் தீவு, பெயர் என்ன என்று கேட்டார். பெரிய கோயில் இருக்கும் தீவு என்றாள். இந்த ஜில்லாவில் தடுக்கி விழுந்தால் பெரிய கோயில்தான், பெயரைச் சொல் என்றார். கோதை தலையைக் குனிந்துகொண்டாள். விருந்தாளியாகிய நான் மறுபடி கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அருள்நாதன் அவள் கழுத்தைப் பார்த்தார். திருமாங்கல்யத்தைப் பார்த்திருக்க வேண்டும். கணவர் பெயர் என்ன என்று திடீரென்று கேட்டார். கோதையின் முகம் சிவந்துவிட்டது. அவ்வளவுதான், அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மிஸ் ஆல்டன் பக்கம் திரும்பி விளக்கினார். இந்தப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று ஒரு நம்பிக்கை, இவள் புருஷன் ரங்கன், ரங்கராஜன், ரங்கநாதன் என்று ஏதோ ஒன்றாக இருக்கும், அதனால் ஊர்ப் பெயரும் வாயில் வராது என்றார். ஒரு வேடிக்கைப் பிராணியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் வீட்டில் அந்த அம்மாள் அவரை எப்படிக் கூப்பிட்டாளோ, தெரியாது. 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருப்பாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் அம்மா மட்டும் என்ன? அப்பா பெயர் வீரமலை என்பதால், பொன்மலையிலேயே குடியிருந்தும் அந்தப் பெயர் அம்மா வாயில் வந்ததில்லை. ஒர்க்‌ஷாப் என்பாள். மலைக்கோட்டையை வெறும் கோட்டை என்பாள். அப்பா கறுப்புச் சட்டையோடு எதிரே நின்று, "சொல்லு, நான் செத்தா போறேன் பாக்கலாம்" என்று சீண்டுவார். அம்மா சிரிப்பாள், சொல்லமாட்டாள். தமிழில் பேசும்போது கோதைக்கு இந்தத் தொல்லையே இல்லை. கோயில் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஜெனரல் எஜுகேஷன்தான் அவளைப் பிடித்து மாட்டிவிட்டது.

மிஸ் ஆல்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அது இன்னும் மோசம். எழுந்து வந்து கோதையின் தோளில் கையை வைத்தார். இந்தப் பாடம் முழுவதும் இதற்காகத்தானே, உன் மனசுக்கு நீதான் எஜமானி என்பதற்காகத்தானே என்றார். "இந்த அறையில் உனக்கு எந்தப் பயமும் வேண்டாம், குழந்தை. அவர் பெயரைச் சொல். சொல்லிப் பார். ஒன்றும் ஆகாது" என்றார். சொல்லாவிட்டால் பதில் இல்லை என்றுதான் எழுத வேண்டும் என்றார் அருள்நாதன். பேனாவை எடுத்தும்விட்டார்.

அந்த இரண்டு பேரையும் அப்படியே பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒருத்தர் சிரித்துக்கொண்டே பிடுங்குகிறார், ஒருத்தர் அழுதுகொண்டே பிடுங்குகிறார். ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியில் என் மனசு என்ன சொல்லிக்கொண்டிருந்தது? சொல்லிவிடு கோதை, சொல்லிவிடு என்றுதான். வைகாசி என் கண் முன்னால் நின்றது. அவள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும்.

எழுந்து நின்றாள். எழுந்து நிற்கக் கூடாத வகுப்பில் நின்றாள்.

"என் ஊர் ஸ்ரீரங்கம். என் கணவர் பெயர் ரங்கநாதன்."

மிஸ் ஆல்டன் கைதட்டினார். கோதை நிறுத்தவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு ஏழு மதில், ஸ்ரீரங்கத்தின் தெற்கே காவிரி, ஸ்ரீரங்கத்தின் வடக்கே கொள்ளிடம், ஸ்ரீரங்கத்தில் வெள்ளம் வந்தால் இப்படி, ஸ்ரீரங்கத்தில் திருவிழா வந்தால் இப்படி என்று ஒரு தப்பில்லாத இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தாள். வாக்கியத்துக்கு வாக்கியம் அந்தப் பெயர். வேண்டுமென்றுதான் செய்தாள். கடைசியில் அருள்நாதனே, போதும் போதும் என்றார். உட்கார்ந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ் ஆல்டன் அதைச் சந்தோஷம் என்று நினைத்திருப்பார்.

வெளியே வந்தேன். கோதை குழாயடியில் நின்று வாயைக் கொப்புளித்துக்கொண்டிருந்தாள். கல்லூரித் தண்ணீரில். திரும்பத் திரும்பக் கொப்புளித்தாள். நன்றி என்று சொல்லத்தான் போனேன். அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. எதற்காகச் சொன்னாய் என்று கேட்டேன். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத் திரும்பினாள்.

"உனக்காகன்னு நெனச்சுக்காதே. நீ மண்ணச்சநல்லூர்ல நின்னுண்டு ஆயுசு பூரா என்னைச் சபிச்சுண்டிருப்பே. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, பெருமாளைக் கேக்கமாட்டேன். உன்னைத்தான் நெனச்சுப்பேன்."

நாங்கள் இரண்டு பேரும் தேறினோம். வகுப்பிலேயே நல்ல மார்க். அப்பா ஒர்க்‌ஷாப் சிநேகிதர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மண்ணச்சநல்லூர் மாமா அழகர்சாமிக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார். நான் இரண்டாம் வருஷம் லாபில் நின்றேன், எனக்குப் பிடித்த நெடியில். எல்லாம் நான் கேட்டபடியே கிடைத்தது.

ஜோடி முறை முதல் வருஷத்தோடு சரி. கோதை வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் தினமும் வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அவள் நெற்றியைப் பார்ப்பேன். குங்குமம் இருக்கும். அப்புறம்தான் புஸ்தகத்தைத் திறப்பேன். கறுப்புச் சட்டைக்காரர் மகள் நான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஒரு பெயரைச் சொன்னதால் டில்லியில் ஒரு மனுஷனுக்கு ஜலதோஷம்கூட வராது என்று சத்தியம் செய்வேன். சத்தியம் செய்துவிட்டு மறுநாளும் பார்ப்பேன். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. நான் நுழையும்போது தலையை நிமிர்த்தி, நான் பார்க்கிற வரைக்கும் வைத்திருந்து, பிறகு வெடுக்கென்று திரும்பிக்கொள்வாள்.

மார்கழியில் அவள் வரவில்லை. ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அந்த வாரமே வரவில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. டில்லியில் அந்த வருஷம் கடுங்குளிர் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. லாபில் ஒரு குடுவையைப் போட்டு உடைத்தேன். சனிக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குப் போய் வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன்.

ஊரெல்லாம் திருவிழாக் கூட்டம். உத்திர வீதி என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கோதை வீடு எது என்று பூக்கடையில் கேட்டேன். எந்தக் கோதை, யாராத்துப் பெண் என்றார்கள். டில்லிக்காரர் வீடு என்றேன். டில்லியில் யார், பெயரைச் சொல்லு என்றார்கள். ரங்கநாதன் என்றேன். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ரங்கநாதன் மேல்தான் விழும். இந்த ரங்கநாதனா, அந்த ரங்கநாதனா என்று ஒவ்வொரு வாசலாகக் கைகாட்டினார்கள். அவள் வாழ்நாளில் ஒரு தடவை சொன்ன பெயரை, அன்றைக்கு நான் வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியில் ஒரு வாசலில் பெரிய கோலம், நடுவில் பூசணிப்பூ. உள்ளே விருந்தாளிகளின் சத்தம். திருவிழாவுக்கு வந்த உறவு ஜனம். கதவருகே கோதை நின்றுகொண்டிருந்தாள், ஈரத் தலையும் கையில் வாளியுமாக. நெற்றியில் குங்குமம். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"இருக்கார். போ" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது. எவ்வளவு கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். பஸ் பாலத்தில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றேன்.